ஊட்டியில் பிறந்த கட்டுரையும் ஜெனீவாவில் பிறந்த கட்டுரையும்: ஆராய்ச்சி ஒப்பீடு செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அணுசக்தித் துறை, அறிவியல் தொழில்நுட்பத் துறை, அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை ஆகியவற்றில் இருந்து இந்திய ஆராய்ச்சியைப் பிற நாடுகளோடு ஒப்பிட்டு மதிப்பிடும் பெரியோர்களுக்கு,

வணக்கம்.

மதுரைக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் நெடுங்காலம் இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். அண்மையில் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். செல்பேசியில் ஒரு அட்டவணையைக் காட்டினார். அணுக்கரு இயற்பியலிலும் துகள் இயற்பியலிலும் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும், அதாவது பிற ஆய்வாளர்கள் தம் கட்டுரைகளில் அதிகம் குறிப்பிடும், கட்டுரைகள் எந்த நாட்டிலிருந்து எத்தனை வருகின்றன என்ற ஒப்பீடு அது. “சார், நம்ம நாடு இதுல நல்லாத்தானே இருக்கு? அப்புறம் ஏன் சார் நமக்குன்னு ஒரு நியூட்ரினோ கூடம்கூட இல்லை?” என்று கேட்டார்.

எதையும் எளிதில் ஊடுருவிப் போகும் நுண்துகளான நியூட்ரினோவைப் பிடித்து ஆராயும் கூடத்தைத்தான் சொன்னார். அன்று என்னால் அவருக்கு முழுதாகப் பதில் சொல்ல முடியவில்லை. அப்புறம் பல நாள் யோசித்ததில், அவருடைய இரண்டு கேள்விகளுக்கும் முடிச்சு ஒரே இடத்தில்தான் இருக்கிறது என்று தோன்றியது. அந்த அட்டவணையில் பொய் இல்லை. ஆனால் அது எண்ணுகிற விதத்தில், இந்தியாவில் கட்டிய கருவியில் இந்தியர்கள் கண்டுபிடித்த ஒன்றும், ஜெனீவாவில் மூவாயிரம் பேர் சேர்ந்து கண்டுபிடித்த ஒன்றும் ஒரே எண்ணாக விழுகின்றன. அட்டவணையைப் படிக்கிறவர்கள் அதைக் கவனிக்காமல் போனால் பெரிய சேதம் இல்லை. அதை வைத்து நிதி ஒதுக்குகிற நீங்கள் கவனிக்காமல் போனால் ஒரு தலைமுறை வீணாகும். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் எண்ணும் கதை. 2012 ஜூலை 4 அன்று, ஜெனீவா அருகே உள்ள ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னில், ஹிக்ஸ் போசான் என்ற அடிப்படைத் துகளின் கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்டது. அட்லஸ், சி.எம்.எஸ். என்ற இரண்டு சோதனைக் குழுக்களும் அது பற்றி ஆளுக்கொரு கட்டுரை வெளியிட்டன. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ மூவாயிரம் ஆசிரியர்கள். 2015 மே மாதம் இரு குழுக்களும் சேர்ந்து ஹிக்ஸின் நிறையை அளந்து எழுதிய கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். மொத்தம் 33 பக்கம். அதில் இயற்பியல் 9 பக்கத்தில் முடிந்துவிடுகிறது. மீதி 24 பக்கமும் பெயர்களும் முகவரிகளும்தான்.

இப்படி ஒரு கட்டுரையை நாடுவாரியாக எண்ணும்போது வழக்கமான முறை என்ன? எந்த நாட்டின் முகவரி அந்தப் பட்டியலில் இருக்கிறதோ அந்த நாட்டுக்கு ஒரு கட்டுரை. முந்நூறு பேர் இருந்தாலும் ஒன்று, மூன்று பேர் இருந்தாலும் ஒன்று. இதை முழு எண்ணிக்கை என்கிறார்கள். சி.எம்.எஸ். குழு 2020-இலேயே தன் ஆயிரமாவது கட்டுரையைத் தாண்டிவிட்டது. செர்ன் முடுக்கியில் துகள் மோதல்கள் தொடங்கியது 2009-இன் கடைசியில். அப்படியானால் ஆண்டுக்குச் சுமார் நூறு கட்டுரை. ஒரு சின்ன நாட்டில் அந்தக் குழுவைச் சேர்ந்த பத்துப் பேர் இருந்தால் போதும், அந்த நாட்டின் கணக்கில் ஆண்டுக்கு நூறு கட்டுரை ஏறும். அதே பத்துப் பேரின் பங்கை ஆசிரியர் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். மூவாயிரத்தில் பத்து, அதை நூறால் பெருக்கினால் ஒரு கட்டுரையில் மூன்றில் ஒரு பங்கு. ஒரே உழைப்பு, ஒரே பட்டியல். ஒரு முறையில் நூறு, இன்னொரு முறையில் அரைக் கட்டுரைகூட இல்லை.

சி.எம்.எஸ். குழுவின் பெயர்ப்பட்டியல் நாடுகளின் ஆங்கில அகரவரிசையில் போகும். அதனால் முதல் வரியில் நிற்பது ஆர்மேனியாவின் யெரெவான் இயற்பியல் நிறுவனம். உலகெங்கும் அந்தக் கட்டுரைகளைக் குறிப்பிடுகிறவர்கள் ஒரு ஆர்மேனியப் பெயரைச் சொல்லி, பக்கத்தில் ‘முதலியோர்’ என்று போடுகிறார்கள். ஆர்மேனியாவின் மக்கள்தொகை முப்பது லட்சம் அளவுதான். கட்டுரை ஒன்றுக்குச் சராசரியாக எத்தனை மேற்கோள் என்று பார்க்கும் பட்டியல்களில் இப்படிப்பட்ட சிறிய நாடுகள் பெரிய நாடுகளைத் தாண்டி நிற்பதற்குக் காரணம் இதுதான். பெரிய நாட்டில் ஹிக்ஸ் கட்டுரையோடு நூற்றுக்கணக்கான சாதாரணக் கட்டுரைகளும் வெளிவரும். சராசரி இறங்கும். சிறிய நாட்டில் செர்ன் கட்டுரைகளைத் தவிர வேறு அதிகம் இருக்காது. சராசரி வானத்தைத் தொடும். இலங்கையின் மாத்தறையில் இருக்கும் ருஹுணப் பல்கலைக்கழகமும் சி.எம்.எஸ். பட்டியலில் இடம்பெறுகிறது. அங்கே சிலர் உண்மையாகவே உழைக்கிறார்கள். ஆனால் அந்த எண்ணைக் காட்டி ‘இலங்கையில் துகள் இயற்பியல் செழிப்பாக இருக்கிறது, இனி ஒன்றும் செய்ய வேண்டியதில்லை’ என்று யாராவது எழுதினால், அது அந்த நாட்டு இளைஞர்களுக்குச் செய்யும் அநீதி ஆகிவிடும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்த நீண்ட பட்டியலில் பெயர் வருவது யாருக்கும் சும்மா கிடைப்பதில்லை. புதிதாகச் சேர்பவர், இயற்பியல் பகுப்பாய்வுக்கு அப்பாற்பட்ட ஒரு பொது வேலையை முடித்துக்கொடுத்த பிறகுதான் ஆசிரியர் தகுதி பெறுகிறார். கருவியைச் சரிபார்ப்பது, மென்பொருள் எழுதுவது, இரவு ஷிஃப்டில் கட்டுப்பாட்டு அறையில் உட்காருவது எல்லாம் அதில் அடங்கும். இந்தியர்களும் அப்படித்தான் உள்ளே போனார்கள். சி.எம்.எஸ். கருவியில் புரோட்டான் போன்ற துகள்களின் ஆற்றலை அளக்கும் வெளிப்புற ஹாட்ரான் கலோரிமீட்டருக்கான ஒளிர்தகடுகள் மும்பையின் டாடா ஆராய்ச்சி நிறுவனத்திலும் சண்டிகரின் பஞ்சாப் பல்கலைக்கழகத்திலும் தயாராயின. செர்னின் இன்னொரு சோதனையான ஆலிஸுக்கு ஃபோட்டான்களை (ஒளித்துகள்களை) எண்ணும் கருவியைக் கொல்கத்தாவின் மாறு ஆற்றல் சைக்ளோட்ரான் மையம் முன்னின்று செய்தது. முடுக்கியின் கனமான காந்தங்களை மயிரிழை துல்லியத்தில் நிறுத்திவைக்கும் ஜாக்கிகள் ஏறத்தாழ ஏழாயிரம் இந்தியாவிலிருந்து போயின. இந்தூரின் ராஜா ராமண்ணா மையத்தின் பொறுப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மீக்கடத்துத் திருத்தக் காந்தங்கள் போயின. அந்த ஜாக்கிகளைச் செய்த பொறியாளர் எவரும் ஹிக்ஸ் கட்டுரையின் ஆசிரியர் இல்லை. அவர்கள் வேலைக்கு ஒரு மேற்கோள்கூட விழாது. ஆனால் அந்தக் காந்தங்கள் இன்றும் அவற்றின் மேல்தான் நிற்கின்றன.

எண்ணும் முறை மாறினால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. டைம்ஸ் உயர்கல்வி தரவரிசையில் 2013-14-இல் இந்தியாவின் முதலிடத்தில் வந்தது பஞ்சாப் பல்கலைக்கழகம். இந்திய அறிவியல் கழகத்தையும் ஐ.ஐ.டி.களையும் அது தாண்டியது எப்படி என்று பலரும் வியந்தார்கள். ஹிக்ஸ் கட்டுரைகள் உள்ளிட்ட செர்ன் கட்டுரைகளின் மேற்கோள்கள் அதற்கு ஒரு முக்கியக் காரணம். 2015-16-இல் அதே தரவரிசை, ஆயிரம் ஆசிரியர்களுக்கு மேல் உள்ள 649 கட்டுரைகளைக் கணக்கிலிருந்தே நீக்கியது. பஞ்சாப் பல்கலைக்கழகம் வெகு தூரம் கீழே இறங்கியது. அடுத்த ஆண்டு அந்தக் கட்டுரைகளை மீண்டும் சேர்த்தார்கள், ஆனால் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அதன் பங்கை வகுத்து, குறைந்தது 5 சதவீத மதிப்பு என்ற கணக்கில். இந்த மூன்று ஆண்டுகளிலும் சண்டிகரில் இருந்தவர்கள் அதே ஆட்கள். அவர்கள் செய்த தகடுகள் அதே தகடுகள். முதலிடம் வந்த அன்று கிடைத்த பாராட்டும், இறங்கிய அன்று கிடைத்த ஏச்சும் அவர்களுடைய இயற்பியலுக்கு உரியவை இல்லை.

இன்னொன்று, இதைவிடத் தெளிவானது. உக்ரைன் போர் தொடங்கிய பிறகு, ரஷ்ய நிறுவனங்களின் பெயரோடு கட்டுரை வெளியிடுவதா என்று செர்ன் குழுக்களுக்குள் பெரிய விவாதம் எழுந்தது. பல மாதங்கள் கட்டுரைகள் இதழில் அச்சாகாமல் இணையத்தில் முன்பதிப்பாகவே நின்றன. 2023 தொடக்கத்தில் ஒரு வழி கண்டார்கள். ரஷ்ய, பெலாரஸ் ஆய்வாளர்களின் பெயர் இருக்கும், நிறுவனமும் நாடும் இருக்காது. ‘செர்னோடு ஒத்துழைப்பு ஒப்பந்தம் உள்ள ஒரு நிறுவனத்தைச் சேர்ந்தவர்’ என்ற பொது வரி மட்டும் இருக்கும். ஆக, ஒரு நாடு முகவரி வரியிலிருந்தே மறைந்தது. ஆட்கள் மறையவில்லை, அவர்கள் கட்டிய கருவிகளும் மறையவில்லை. நாடுவாரி எண்ணிக்கை எதை எண்ணுகிறது என்று இப்போது சொல்லுங்கள். அது முகவரி வரியைத்தான் எண்ணுகிறது.

சரி, பங்கை வகுத்துவிட்டால் போதுமா என்றால், பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோம். அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை தன் அறிக்கைகளில் இப்படிப் பங்கை வகுத்து எண்ணும் முறையை, அதாவது பின்ன எண்ணிக்கையைத்தான் பயன்படுத்துகிறது. நாடுகளின் ஆராய்ச்சிக் கட்டுரைகளை எண்ணும் நேச்சர் இன்டெக்ஸ் பட்டியல் முழு எண்ணிக்கை, பின்ன எண்ணிக்கை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தருகிறது. நல்ல வழக்கம். ஆனால் மூவாயிரம் பேரில் தொண்ணூறு பேர் இந்தியர் என்று வைத்துக்கொண்டால், வகுத்த கணக்கில் நமக்கு 0.03 கட்டுரை. கருவியின் ஒரு முழுப் பகுதியையே கட்டிக்கொடுத்த நாட்டுக்கும், அந்தத் தரவைப் பகுப்பாய்வு மட்டும் செய்த நாட்டுக்கும் ஆள் எண்ணிக்கை ஒன்றானால் பின்னமும் ஒன்றுதான். முழு எண்ணிக்கை ஊதிக் காட்டுகிறது. பின்ன எண்ணிக்கை, யார் எதைக் கட்டினார்கள் என்பதை மறைக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஓரளவு உருவம் தெரியும். அதற்குமேல் தெரிய, கருவிகளின் பட்டியல் வேண்டும்.

அப்புறம், மிக அதிகமாக மேற்கோள் பெறும் கட்டுரைகள் எவை என்று எடுத்துப் பார்த்தால் இன்னொரு ஆச்சரியம் காத்திருக்கிறது. இந்தத் துறையில் மிகமிக அதிகம் மேற்கோள் பெற்றவற்றில் ஒன்று 2003-இல் வந்த ஜீயன்ட்-4 கட்டுரை. அது ஒரு மென்பொருளைப் பற்றியது. துகள்கள் பொருளுக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்று கணினியில் பாவித்துப் பார்க்கும் மென்பொருள். புற்றுநோய்க் கதிர்சிகிச்சை ஆய்வாளர்கள், விண்கலம் வடிவமைப்பவர்கள் எல்லோரும் அதைக் குறிப்பிடுகிறார்கள். துகள்களின் பண்புகளையெல்லாம் தொகுத்துத் தரும் துகள் தரவுக் குழுவின் பெரிய தொகுப்பும் அப்படித்தான். ஒவ்வொரு பதிப்பும் ஆயிரக்கணக்கில் மேற்கோள் பெறும். 2014, 2016 பதிப்புகள் ‘சைனீஸ் ஃபிசிக்ஸ் சி’ என்ற சீன இதழில் வந்தன. அந்த இதழின் மேற்கோள் கணக்கு அந்தக் காலத்தில் எகிறியதில் வியப்பில்லை. அணுக்கருக்களின் நிறைகளைத் தொகுக்கும் அட்டவணையை ஒரு காலத்தில் பிரான்சின் ஓர்சே நகரிலிருந்து பார்த்துக்கொண்டார்கள். பிறகு அந்தப் பொறுப்பு சீனாவின் லான்ஜோ நவீன இயற்பியல் நிறுவனத்துக்குப் போனது. 2012-இலிருந்து அதுவும் அதே சீன இதழில் வருகிறது. அணுக்கரு இயற்பியலில் வேலை செய்கிற எவரும் அதைக் குறிப்பிடாமல் எழுத முடியாது.

இவற்றை இகழ்வதற்காகச் சொல்லவில்லை. பொறுமையான தொகுப்பு வேலைக்கு என் மனதில் உயர்ந்த இடம் உண்டு. சீனா அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டது தொலைநோக்கான செயல் என்றே நினைக்கிறேன். ஆனால் தரவு அட்டவணையும் மென்பொருளும் புதிய கண்டுபிடிப்பும் ஒரே நெடுவரிசையில் எண்ணப்படும்போது, இந்த நாடு கண்டுபிடிப்பில் முந்தியதா, தொகுப்பில் முந்தியதா என்று படிப்பவருக்குத் தெரியாது.

மேற்கோள் அதிகம் என்றால் உண்மை அதிகம் என்றும் அர்த்தமில்லை. 2015 டிசம்பரில் அட்லஸும் சி.எம்.எஸ்.ஸும் தங்கள் தரவு வரைபடத்தில் 750 ஜிகா எலக்ட்ரான்வோல்ட் என்ற ஆற்றல் அளவுக்கு அருகே ஒரு சின்ன மேட்டைக் காட்டின. புதுத் துகளோ என்று உலகமே பரபரத்தது. சில மாதங்களில் ஐந்நூறு கோட்பாட்டுக் கட்டுரைகள் குவிந்தன. ஒன்றையொன்று மேற்கோள் காட்டி மேற்கோள்களும் குவிந்தன. 2016 ஆகஸ்டில் கூடுதல் தரவு வந்தபோது மேடு கரைந்துபோனது. அறிவியல் இப்படித்தான் நடக்க வேண்டும், அதில் தவறே இல்லை. ஆனால் அந்த ஆண்டின் மேற்கோள் கணக்கை மட்டும் வைத்து ஒரு நாட்டின் வலிமையை எடைபோட்டால், கரைந்துபோன மேட்டையும் சேர்த்துத்தான் எடைபோடுகிறோம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 1967-இல் ஸ்டீவன் வைன்பெர்க் எழுதிய மூன்று பக்கக் கட்டுரை, மின்காந்த விசையையும் வலுக்குறை விசையையும் ஒன்றிணைத்தது. முதல் சில ஆண்டுகள் அதை ஏறக்குறைய எவருமே சீண்டவில்லை. 1971-இல் நெதர்லாந்தின் இளைஞர் கெரார்ட் டி ஹூஃப்ட் அத்தகைய கோட்பாடுகள் கணித ரீதியாக நிற்கும் என்று காட்டிய பிறகுதான் மேற்கோள்கள் வெள்ளமாக வந்தன. கியோட்டோவின் இரண்டு இளம் ஆய்வாளர்கள், கோபயாஷியும் மஸ்காவாவும், 1973-இல் ஒரு ஜப்பானிய இதழில் எழுதிய கட்டுரை, பொருளும் எதிர்ப்பொருளும் சமமாக நடந்துகொள்ளாததற்கு, புரோட்டான் போன்றவற்றை ஆக்கும் அடிப்படைத் துகள்களான குவார்க்குகள் குறைந்தது ஆறு வகை வேண்டும் என்றது. அப்போது தெரிந்திருந்தவை மூன்றே. அந்தக் கட்டுரை இன்று பத்தாயிரத்துக்கும் மேல் மேற்கோள் பெற்றுவிட்டது. 2008-இல் நோபல் வந்தது. ஐந்தாண்டு, பத்தாண்டு சன்னல் வழியாக மட்டும் பார்க்கிற அட்டவணையில் இப்படிப்பட்ட வேலை கண்ணில் படாமல் போக வாய்ப்பு அதிகம். நம் கோட்பாட்டு இயற்பியலாளர் அசோக் சென் அலகாபாத்தில் உட்கார்ந்துகொண்டு இழைக் கோட்பாட்டில் (ஸ்ட்ரிங் தியரி) எழுதியவை உலகெங்கும் மேற்கோள் பெற்றன. 2012-இல் அவருக்கு அடிப்படை இயற்பியல் பரிசும் வந்தது. ஒரே ஆசிரியர் எழுதிய அவருடைய கட்டுரை எந்த முறையில் எண்ணினாலும் இந்தியாவுக்கு முழுசாக ஒன்று. மூவாயிரம் பேர் கட்டுரையும் ஒன்று என்று அதன் பக்கத்தில் போடும்போது என் மனம் ஒப்பவில்லை.

இப்போது ஊட்டிக்கு வருகிறேன்.

நீலகிரியில், விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களை ஆராயும் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வகத்தில் கிரேப்ஸ்-3 என்ற சோதனை நடக்கிறது. வயல்வெளி மாதிரி விரிந்த மேட்டில் நானூறு அளவில் ஒளிர்கருவிகள், பக்கத்தில் 560 சதுர மீட்டர் பரப்பில் மியூயான் தொலைநோக்கி. மியூயான் என்பது எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் அதைவிடக் கனமான துகள். நம் ஆட்களும் ஜப்பானிய நண்பர்களும் சேர்ந்து நடத்துகிறார்கள். மாணவர்களைக் கூட்டிக்கொண்டு நான் அங்கே போயிருக்கிறேன். அந்தக் குளிரில், தகரக் கூம்புகளுக்கு நடுவே நின்று, இது நம் கையால் செய்தது என்று அங்கிருந்தவர்கள் சொன்னபோது பிள்ளைகளின் முகம் மாறியதை நான் மறக்கவில்லை. 2014 டிசம்பர் 1 அன்று ஊட்டிக்கு மேலே திரண்ட ஒரு இடிமேகத்தின் வழியே மியூயான்கள் குறைவதை அந்தத் தொலைநோக்கி கண்டது. அதிலிருந்து மேகத்துக்குள் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்தது என்று கணக்கிட்டு 2019-இல் வெளியிட்டார்கள். இடிமேகத்துக்குள் நூறு கோடி வோல்ட் இருக்கலாம் என்று பல்லாண்டுகளாக ஊகமாகப் பேசியதை முதன்முதலில் அளந்து காட்டியது ஊட்டி. முழு எண்ணிக்கையில் இந்தக் கட்டுரையும் இந்தியாவுக்கு ஒன்று, சி.எம்.எஸ். கட்டுரையும் இந்தியாவுக்கு ஒன்று. மேற்கோள் எண்ணிக்கையில் சி.எம்.எஸ். எங்கோ மேலே நிற்கும், ஏனென்றால் அந்தத் துறையில் மேற்கோள் காட்டும் ஆட்களே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

கோலார் தங்கவயலை நினைத்துப் பாருங்கள். வட ஆற்காட்டிலிருந்து போன நம் தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கிய சுரங்கம் அது. 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாடா நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் பிரிட்டனின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் சேர்ந்து வைத்த கருவிகள் 1965-இல் வளிமண்டல நியூட்ரினோவின், அதாவது காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதி உண்டாக்கும் நியூட்ரினோவின், தடயத்தைக் கண்டன. தென்னாப்பிரிக்கச் சுரங்கத்தில் அமெரிக்க இயற்பியலாளர் பிரெடெரிக் ரெயின்ஸின் குழுவும் அதே நேரத்தில் கண்டது. கோலார் கட்டுரை 1965 ஆகஸ்ட் 15-இல் அச்சானது, ரெயின்ஸின் கட்டுரை ஆகஸ்ட் 30-இல். இரண்டு வாரம் நாம் முந்தினோம். 

அப்புறம் என்ன ஆயிற்று? 2001 பிப்ரவரியில் தங்கவயல் மூடப்பட்டது. நம் சோதனைகள் அதற்கு முன்பே நின்றிருந்தன. அதே 2001-இல் ஜப்பானின் கமியோகா சுரங்கத்திலும் தாது வெட்டுவது நின்றது. ஆனால் அங்கே மலைக்கு அடியில் ஆயிரம் மீட்டர் ஆழத்தில், 50,000 டன் நீர் நிரம்பிய சூப்பர்-கமியோகண்டே என்ற நியூட்ரினோ கருவி நின்றது. 1998-இல் வளிமண்டல நியூட்ரினோக்கள் ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாறுகின்றன என்று அது காட்டியது. நாம் முதலில் கண்ட அதே வளிமண்டல நியூட்ரினோக்கள்தான். இந்தத் துறையின் மிக அதிக மேற்கோள் பெற்ற சோதனைக் கட்டுரைகளில் அதுவும் ஒன்று. 2015-இல் அந்தச் சோதனையின் தகாகி கஜிதாவுக்கு நோபல். சுரங்கம் மூடினாலும் ஆய்வகத்தை அவர்கள் விடவில்லை. ஜப்பானை நம்மோடு ஒப்பிட வேண்டுமானால் இந்த வேறுபாட்டைத்தான் ஒப்பிட வேண்டும். எந்த மேற்கோள் அட்டவணையிலும் அதற்கு ஒரு நெடுவரிசை இல்லை.

தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில், அம்பரப்பர் மலைக்குள் அமைக்கத் திட்டமிட்ட இந்திய நியூட்ரினோ ஆய்வகத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 50,000 டன் காந்த இரும்பு, அடுக்கடுக்காக 28,800 கண்ணாடித் தகட்டுக் கருவிகள். நியூட்ரினோக்களின் மூன்று நிறைகளில் எது கனமானது, எது இலேசானது என்ற வரிசையைக் கண்டறிவது அதன் முக்கிய நோக்கம். 2017-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. 2022 பிப்ரவரியில் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் திட்டத்துக்கு எதிராகப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. புலிகளின் வழித்தடம், மேற்குத் தொடர்ச்சி மலையின் நிலைத்தன்மை, நீராதாரம் எல்லாம் நியாயமான கேள்விகள். நியூட்ரினோவால் கதிர்வீச்சு வரும் என்ற அச்சம் தவறானது. இரண்டும் ஒன்றாகக் கலந்தபோது, ஊர் மக்களோடு திண்ணையில் உட்கார்ந்து தமிழில் பேச வேண்டிய காலத்தில் அறிவியல் தரப்பு போதிய அளவு பேசவில்லை என்பது என் வருத்தம். மதுரையில் 85 டன் சிறு மாதிரிக் கருவி மட்டும் காஸ்மிக் மியூயான்களை எண்ணிக்கொண்டிருந்தது.

அதே கேள்விக்கு, அதாவது நிறை வரிசைக்கு, விடை காண சீனா ஜியாங்மென் அருகே 700 மீட்டர் ஆழத்தில் தோண்டத் தொடங்கியதும் அதே 2015-இல்தான். ஜூனோ என்று பெயர். 35 மீட்டர் விட்டமுள்ள அக்ரிலிக் கோளத்துக்குள் 20,000 டன் ஒளிர்திரவம். 2025 ஆகஸ்ட் 26 அன்று தரவு எடுக்கத் தொடங்கிவிட்டது. இதற்கு முன் தாயா விரிகுடாவில் அவர்கள் வைத்த சோதனை, 2012 மார்ச்சில், 55 நாள் தரவை வைத்தே, நியூட்ரினோக்கள் வகை மாறும் அளவைக் குறிக்கும் கலப்புக் கோணங்களில் ஒன்றை அளந்து உலகை முந்தியது. அந்தக் கட்டுரையில் ஆசிரியர்கள் இருநூற்றைம்பது பேர் அளவு. அமெரிக்கர்கள் உட்பட வெளிநாட்டவர்கள் பலர். ஆனால் கூடம் சீனாவில், பொறியாளர்கள் சீனாவில், அடுத்த பெரிய கருவியைக் கட்டும் கைப்பழக்கமும் சீனாவில்.

சீனாவின் மேற்கோள் எண்ணிக்கை ஏறியதைப் பார்த்து நாமும் ஏற வேண்டும் என்று அறிக்கைகளில் எழுதுகிறார்கள். அந்த ஏற்றத்தில் எவ்வளவு செர்னின் பட்டியலால் வந்தது, எவ்வளவு தாயா விரிகுடாவால் வந்தது, எவ்வளவு தரவுத் தொகுப்பால் வந்தது என்று பிரித்துக் காட்டாதவரை, நாம் எதைப் பின்பற்றுவது?

அணுக்கரு இயற்பியல் பற்றிச் சுருக்கமாக ஒன்று. பல ஒப்பீடுகளில் அணுக்கருவும் துகளும் ஒரே பெட்டிக்குள் கிடக்கின்றன. சில இடங்களில் அணு உலைத் தொழில்நுட்பமும் அதோடு சேர்ந்துவிடுகிறது. டெல்லியின் பெல்லட்ரான் முடுக்கியில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு அணுக்கருவின் உருவத்தை ஆராய்வதும், கல்பாக்கத்தில் சோடியம் குளிர்விக்கும் வேக ஈனுலைக்கான உலோகத்தைச் சோதிப்பதும், செர்னில் டாப் குவார்க்கை அளப்பதும் மூன்று வேறு உலகங்கள். மேற்கோள் காட்டும் பழக்கமே வேறு. மூன்றையும் கூட்டி ஒரு இடம் சொன்னால், அதில் அடிபடுவது எப்போதும் சின்ன முடுக்கிகளில் வேலை செய்கிறவர்கள். செர்னின் எண்ணிக்கைக்கு முன்னால் அவர்கள் கண்ணுக்கே தெரிய மாட்டார்கள். ஆனால் நம் பல்கலைக்கழக மாணவர்கள் கருவியைத் தொட்டுப் பழகுவது அங்கேதான்.

ஆகவே உங்களிடம் கேட்பது இது. இனி இந்தத் துறையில் நாடுகளை ஒப்பிடும்போது முழு எண்ணிக்கையையும் பின்ன எண்ணிக்கையையும் ஒரே பக்கத்தில் அச்சிடுங்கள். நூறு ஆசிரியர்களுக்கு மேல் உள்ள கட்டுரைகளைத் தனியே பிரித்துக் காட்டுங்கள், நீக்கிவிட வேண்டாம். தரவுத் தொகுப்பு, மென்பொருள், கோட்பாடு, சோதனை என்று வகை பிரியுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு நாடும் கடந்த இருபது ஆண்டில் தன் மண்ணில் எந்தெந்தக் கருவியைக் கட்டி முடித்தது, பிறர் மண்ணில் எந்தெந்தப் பகுதியைக் கட்டிக்கொடுத்தது, அதில் எத்தனை மாணவர்கள் பயிற்சி பெற்றார்கள் என்று ஒரு பட்டியல் போடுங்கள். இந்திய வரிசையில் ஹாட்ரான் கலோரிமீட்டரும் ஏழாயிரம் ஜாக்கிகளும் இருக்கட்டும், கிரேப்ஸ்-3 இருக்கட்டும். பொட்டிப்புரத்துக்கு நேரே என்ன எழுதுவது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். வெற்றிடமாக விட்டாலும் பரவாயில்லை, வரியை மட்டும் நீக்காதீர்கள்.

செர்னில் நம் பங்கைக் குறைக்கச் சொல்லவில்லை. 2017 ஜனவரியில் இந்தியா அங்கே இணை உறுப்பினரானது. அதை விரிவாக்கத்தான் வேண்டும். ஆனால் அங்கே விழும் எண்களைக் காட்டி, இங்கே நிற்காத கூடத்துக்குச் சமாதானம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என்னிடம் கேட்ட அந்த மாணவர் கருவி கட்டும் வேலையில் முனைவர் பட்டம் செய்ய இடம் தேடிக்கொண்டிருக்கிறார். ஜப்பானுக்கும் இத்தாலிக்கும் விண்ணப்பம் போட்டிருக்கிறார். இந்தியாவில் எங்கே போடலாம் என்று கேட்டார். ஊட்டியைச் சொன்னேன். இன்னும் இரண்டு மூன்று பெயர்களைச் சொல்ல முடிய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்,
மதுரை